ஒரே பெட்டியில் எல்லாச் சிலந்தியும்

கல்லூத்து ஜமீன்தாரின் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தவள் வெள்ளைத்தாய். பிள்ளை வளர்ந்த பிறகும் அரண்மனை பெருக்க அவளை நிறுத்திக்கொண்டார்கள். ஊரில் அவள் விட்டுவந்த கைக்குழந்தை இப்போது நடக்குமா, பேசுமா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

"எசமான், ஊருக்குப் போய் எம் மகளைப் பார்க்கணும்."

ஜமீன்தாருக்குச் சிலந்தி சேர்க்கும் பைத்தியம். "என் சீமையில் இருக்கும் சிலந்தியில் வகைக்கு ஒன்று பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டு வா. அப்புறம் போ, திரும்பவே வேண்டாம்" என்று சிரித்தார்.

வலை பின்னுவது, பாய்ந்து பிடிப்பது, பூவுக்குள் பூ நிறத்தில் பதுங்குவது என்று மழைக்காலம் முழுக்கப் பிடித்தாள். குஞ்சுகளை முதுகில் சுமந்துபோன ஒன்றை மட்டும் பிடிக்க மனம் வரவில்லை.

விருந்தாளிகள் முன்னால் ஜமீன்தார் பெட்டியைத் திறந்தார். உள்ளே கொழுத்த சிலந்தி ஒன்றே ஒன்று.

"மற்றதெல்லாம் எங்கேடி?"

"ஒரே பெட்டியில போடச் சொன்னீங்க எசமான். ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. எல்லா வகையும் இது வயித்துக்குள்ள இருக்கு. சந்தேகம்னா நீங்களே எடுத்து எண்ணிக்குங்க."

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகம் கறுத்த ஜமீன்தார் வாசலைக் காட்டினார்.

பொழுது சாய ஊர் சேர்ந்தாள். வீட்டு முன்னால் விளையாடிய சிறுமி அவளைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அப்பா, யாரோ ஒரு அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க."