இன்னும் வரவில்லை

"உங்க விழாவுக்கு நீங்களே வரமாட்டேன்னா எப்படி, புரொபசர்?" என்று வெர்னா சண்டைக்கே வந்துவிட்டாள்.

அமெரிக்காவின் தெற்கே ஒரு கல்லூரி. அதன் உளவியல் துறைக்கு வந்த முதல் கறுப்பினப் பேராசிரியை எர்னஸ்டின். நாற்பது வருடம் கற்பித்து ஓய்வு பெறுகிறார். அவரிடம் படித்த வெர்னாதான் இன்று துறைத் தலைவி. பாராட்டு விழா அவள் பொறுப்பு.

"யாரையெல்லாம் கூப்பிட்டிருக்கே?"

"உங்க மாணவர்கள் எல்லாரையும்."

"எல்லாரையுமா?"

எர்னஸ்டின் அலமாரியிலிருந்து பழுப்பேறிய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருடைய முதல் வகுப்பின் பதிவேடு.

பதினைந்து பெயர்கள். நான்கு பேர்தான் வகுப்புக்கு வந்திருந்தார்கள். மற்ற பதினொரு பெயருக்கும் நேரே, வருடம் முழுக்க, ஒரே வாசகம்: இன்னும் வரவில்லை.

அந்தக் கதை வெர்னாவுக்குத் தெரியும். கல்லூரியில் தெரியாதவர் யார்? பாடம் எடுக்க வந்தவரின் நிறத்தைப் பார்த்ததும், பதினொரு வெள்ளைக்காரப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

"இவங்களையா கூப்பிடணும்?" வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க மன்னிச்சிருக்கலாம். என்னால முடியாது."

"மன்னிச்சேன்னு யார் சொன்னா? அன்னைக்கு நடத்த வேண்டிய பாடம் அப்படியே இருக்கு."

வெர்னா பதிவேட்டைத் தள்ளி வைத்தாள்.

எர்னஸ்டின் இன்னொன்றை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

அதில் வெர்னாவின் பெயர் இருந்தது.

அம்மா படுத்த படுக்கையான வருடம் அது. யாரிடமும் சொல்லாமல் படிப்பை விட்டுவிட்டு, சலவைக் கடையில் துணி தேய்த்தாள். அந்த நீராவி வாடை இப்போதும் மூக்கில் ஏறியது. கல்லூரியில் தன்னை யாருக்கும் நினைவிருக்காது என்று எத்தனை நாள் அழுதிருப்பாள்!

அத்தனை நாளுக்கும் நேரே: இன்னும் வரவில்லை. இன்னும் வரவில்லை. இன்னும் வரவில்லை.

"நான் திரும்பி வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பதினொரு பெயரையும் எழுதிக்கொண்டாள்.

விழாவுக்கு அவர்களில் ஒரே ஒருவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வராமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

மேடையில் எர்னஸ்டின் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார்.

"பெயர்?" என்று கேட்டார்.