வெளுக்காத காவி

"அம்மா, என் துணி ஏன் வெளுக்கவே மாட்டேங்குது?"

கேட்டவர் சோணாசலம். போன தை மாதம்வரை அரிசி மண்டி முதலாளி. இப்போது மலையடிவாரத்து ஆசிரமத்தில் சீடர்.

ஓடைக்கரையில் துணி நனைத்துக்கொண்டிருந்த வடிவம்மை நிமிர்ந்தார். குரு அவர்தான். சோணாசலத்தைவிட மிகவும் இளையவர்.

"வெளுக்காம இருக்க வழி என்னன்னுதானே எல்லாரும் கேப்பாங்க?"

"காவி பளிச்சுனு இருந்தா யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்கம்மா. மலைக்கு வர்ற ஜனங்க, வெளுத்த துணி கட்டின சாமியாரைக் கண்டா கால்ல விழறாங்க. எங்கிட்ட, 'புதுச் சாமி, செருப்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்துக்கிட்டேன்."

"செருப்பு பத்திரமா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்புறம் என்ன?"

சோணாசலத்துக்கு அது பதிலாகப் படவில்லை. மண்டிக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அப்போதுதான் அம்மையின் கையிலிருந்த காவித் துணியைக் கவனித்தார். இப்போதுதான் சாயத்தொட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது.

"உங்களுதும் புதுசா?"

"என் குரு சாயம் தோச்சுக் குடுத்தது. அவர் சமாதியாகியே எத்தனையோ வருஷம் ஆச்சு."

ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டு.

"எப்படி இன்னும் இப்படியே இருக்கு?"

அம்மை செய்தே காட்டினார். துணியின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். உப்புக் கரைத்த பச்சைத்தண்ணீரில் தனியே ஊறவைத்தார். பூந்திக்கொட்டை நுரையில் மெல்ல அலசினார். முறுக்கிப் பிழியவில்லை. குளித்த குழந்தையைத் துவட்டுவதுபோல, உள்ளங்கைகளால் ஒற்றி ஒற்றி நீரை எடுத்தார். பிறகு புங்கமர நிழலில் விரித்துப் போட்டார்.

சோணாசலம் கண்கொட்டாமல் பார்த்தார். வழி தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் தலைகீழாகச் செய்தால் போதும்.

மறுநாளிலிருந்து கொதிக்கிற வெந்நீர். கைநிறையச் சலவைச் சோடா. கல்லில் ஓங்கி ஓங்கி அடி. அப்புறம் உச்சி வெயிலில் மொட்டைப் பாறை.

குடத்தோடு வந்த அம்மை சற்று நின்றார்.

"துணி மேல என்ன கோபம்?"

"கோபமில்லம்மா. கொஞ்சம் அவசரம்."

சிரித்தபடி குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்குமுன் துணி வெளுத்துவிட்டது. சோணாசலம் ஓடையில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துத் தாடியை நீவிக்கொண்டார்.

ஒரு காலை, வெளியூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வெகுநாள் ஏங்கிப் பிறந்த பிள்ளை, மலையடிவாரத்துச் சாமிதான் பேர் வைக்கணும் என்று நேர்ந்துகொண்டு தூக்கிவந்திருந்தார்கள்.

வாசலில் அம்மை பெருக்கிக்கொண்டிருந்தார். மரத்தடியில் சோணாசலம் உட்கார்ந்திருந்தார்.

கணவன் இருவரையும் பார்த்தான். நேராக வந்து சோணாசலத்தின் காலில் விழுந்தான். மனைவி குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"எத்தனை வருஷத் தவம் சாமி! பார்த்தாலே தெரியுது."

சோணாசலத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

கணவன் அம்மையின் பக்கம் திரும்பினான். "புதுசா சேர்ந்தவங்களா? குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்கம்மா."

"இதோ."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மை போனார். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, எப்போதும் நடக்கிற அதே நடையில்.

"பேரு சொல்லுங்க சாமி."

பெயர் வரவில்லை. ஒரு பிடி நெல்லைக் கையில் வாங்கினாலே ரகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிற வாய் அது.

"பிள்ளைக்குச் சாமி வாயால ஒரு பேரு..."

குழந்தை சிணுங்கியது. தோளில் கிடந்த வெளுத்த துணியைப் பற்றி ஒரு இழு இழுத்தது.

டர்ரென்று கிழிந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்கோங்க சாமி!"

"பரவாயில்லை" என்றார் சோணாசலம்.

அம்மை செம்போடு வந்தார். கணவனுக்குக் கொடுத்தார், மனைவிக்குக் கொடுத்தார். கடைசியில் சோணாசலத்தின் முன் குனிந்து நீட்டினார்.

"குடிங்க சாமி."

கிண்டலா என்று சோணாசலம் அந்த முகத்தில் தேடினார். இல்லை. தாகமா இருக்கும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

குழந்தை சிணுங்கலை நிறுத்தியது. எதிரே அந்தப் பளிச்சென்ற காவியைப் பார்த்துவிட்டது. கெக்கெக்கென்று சிரித்துத் தாவி, அம்மையின் துணி ஓரத்தைப் பிடித்து வாய்க்குள் திணித்துக்கொண்டது.

"டேய், சப்பாதடா! புதுத் துணி, சாயம் போகும்!" தாய் பதறினாள்.

சோணாசலம் எழுந்தார். குழந்தையை அம்மையின் கைகளில் கொடுத்தார். செம்பைத் தான் வாங்கிக்கொண்டார்.

"போகாதும்மா. அது பழசு" என்றார். "என்னுதுதான் புதுசு."