நாக்கில்லாத தாயோட கஞ்சிப் பானை

ஒரு ஊர்ல ஒரு பானை... இல்ல இல்ல. ஒரு ஊர்ல ஒரு பானைகூட இல்ல. இந்தக் கதைய அப்படித்தான் ஆரம்பிக்கணும்.

கடல் தாண்டி, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ரோமாபுரிக்குப் பக்கத்துல ஒரு மலை. மலை மேல தோப்பு, தோப்புக்குள்ள கோயில். மலைக்குக் கீழ சின்னதா ஒரு ஊர். அந்த ஊர்ல நோனியான்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரே பொண்ணு, துல்லான்னு பேரு. உன் வயசுதான். எங்க, ம் கொட்டு.

ம்.

அந்த வருஷம் ஊருக்குள்ள காய்ச்சல் வந்துச்சு. வீட்டுக்கு வீடு ஆள் போச்சு. அந்த ஊர் வழக்கம் என்னன்னா, செத்தவங்கள எரிச்சு, சாம்பல அள்ளி, வீட்ல சோறு பொங்கின பானையிலயே போட்டு ரோட்டோரமா புதைப்பாங்க. பானையோட வாய் மட்டும் மண்ணுக்கு மேல தெரியும். செத்தவங்களுக்கும் பசிக்குமில்ல? நாள் கிழமைன்னா மூடியத் தொறந்து கொஞ்சம் கஞ்சி ஊத்துவாங்க.

அப்புறம் என்னாச்சு, ஆளுக்கு ஒண்ணா ஊர்ப் பானையெல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. பானை செய்யிற குயவனும் போயிட்டான். நோனியா வீட்டுக்காரன் லூப்புஸும் போயிட்டான். அவங்க வீட்ல இருந்ததே ஒரு பானை. அதுக்குள்ளதான் இப்ப அவன் இருக்கான்.

துல்லாவுக்கும் காய்ச்சல் கண்டு, அன்னைக்குக் காலைலதான் விட்டுச்சு. கண்ணத் தொறந்து, "அம்மா, பசிக்குது"ன்னா. காய்ச்சல் விட்ட உடம்பு பசின்னு கேட்டா உடனே குடுத்துடணும். இல்லன்னா போன காய்ச்சல் திரும்பி வந்து ஆளையே கூட்டிட்டுப் போயிடும். நோனியாகிட்ட ரெண்டு கை கோதுமை நொய் இருக்கு. அடுப்பு இருக்கு, விறகு இருக்கு. காச்சறதுக்குப் பானை இல்ல. வறுத்துக் குடுக்கலாம்னா பிள்ளைக்குத் தொண்டைல இறங்காது.

அப்போ நோனியா ஓடினா. பக்கத்து வீட்ல காசியா கிழவி.

"அத்தை, பிள்ளைக்குக் கஞ்சி வைக்கணும். ஒரு பானை குடு, கழுவிக் குடுத்துடறேன்."

"எம் பானைல எம் மவன் படுத்திருக்கான்டி. எழுப்பிக் கேளு போ, எடம் குடுக்கறானான்னு."

சொல்லிட்டுக் கிழவி மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அப்புறம் குயவன் வீடு. அவன் பொண்டாட்டி ஹிலாரா எழுந்திரிக்க முடியாமக் கிடக்கா. தலைமாட்டுல ஒரு புதுப் பானை, மழமழன்னு.

"அக்கா, அந்தப் பானை..."

"அது எனக்குடி. அவரு கடைசியா செஞ்சது, எனக்குன்னு வச்சுட்டுப் போனாரு. அதுல கரி பட வேணாம்டி."

நோனியா அவளுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்திட்டு வந்துட்டா.

மூணாவதா எங்க போனான்னு நினைக்கிற? ரோட்டோரத்துக்கு. லூப்புஸ்கிட்ட. உக்காந்து ரெண்டு கையாலயும் பறபறன்னு மண்ணப் பறிச்சா. மூடியத் தொறந்தா.

"ஏங்க, பிள்ளைக்குப் பசிங்க. சித்த நேரம் என் போர்வைக்குள்ள இருக்கீங்களா? கஞ்சி காச்சிட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டுடறேன்."

பானையச் சாய்க்கப் போனா. உள்ள, ஒரு பக்கத்துல, கருகின தடம் தெரிஞ்சுது. கல்யாணமான புதுசுல அவ அவரைக்காயத் தீய விட்ட தடம். நல்லா இருக்குடின்னு சொல்லி மொத்தத்தையும் தின்னவன் அவன். சாம்பல் சிதறிப்போனவனுக்கு வீடே கிடையாது, வருஷா வருஷம் வீடு வீடா வந்து கதவத் தட்டுவான்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க.

கொட்டிட்டாளா?

இல்ல தங்கம். மூடிட்டா. மண்ணையும் தள்ளிட்டா.

அப்போதான் மலை மேல பூம்... பூம்னு கொம்பு ஊதுற சத்தம் கேட்டுச்சு.

அன்னைக்குக் கோயில்ல விசேஷம். பூசாரிங்க பானை பானையா கஞ்சி காச்சி, அந்தப் பானையவே சாமி மாதிரி கும்பிட்டு, கதவத் தொறந்து மலைச்சரிவுல உருட்டி விடுவாங்க. அது யாருக்குன்னா, வீட்டுச் சாமிங்களோட அம்மாவுக்கு. அந்தத் தாய் ஒரு உண்மையச் சொல்லிட்டான்னு பெரிய சாமி அவ நாக்கைப் பிடுங்கிடுச்சு. பாவம், பசின்னு கேக்கக்கூட அவளுக்கு வாய் இல்ல. அதனால கேக்காமயே குடுக்கணும். அந்தக் கஞ்சிய வேற யாராவது தொட்டா, அவங்களுக்கும் பேச்சு போயிடும்.

முதல் பானை வந்துச்சு. கடகடகட... படார்! பாறைல மோதி சுக்கு நூறு.

ரெண்டாவது வந்துச்சு. கடகடகட... டமார்! அதுவும் அதே பாறை.

மூணாவது ஒண்ணு. கோயில் பானையச் சக்கரத்துல செய்ய மாட்டாங்க, கையாலயே பிடிப்பாங்க. இது ரொம்பவே கோணல், ஒரு பக்கம் இடுப்பு புடைச்சிருக்கு. அதால நேரா உருள முடியல. லொடக்... லொடக்... லொடக்னு வளைஞ்சு, பாறையச் சுத்தி, முள்ளச் சுத்தி, நோனியா கால்கிட்ட வந்து நின்னுச்சு. வாயில இலை கட்டியிருந்துச்சு. உள்ள கஞ்சி அப்படியே இருக்கு, சூடா.

நோனியா பாத்தா. பேச்சு போயிட்டா துல்லாவுக்கு யாரு தாலாட்டுவா? துல்லாவே போயிட்டா யாருக்குத் தாலாட்டுறது?

கடைசியா ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டா. "துல்லா"ன்னு. அப்புறம் உதட்ட இறுக்க மூடிக்கிட்டு பானையத் தூக்கினா.

வீட்டுக்கு வந்து முதல் பிடிய எடுத்து அடுப்புல போட்டா. ஸ்ஸ்ஸ்... அது அந்தத் தாய்க்கு. அடுத்தது பிள்ளைக்கு. ஒரு வாய், ரெண்டு வாய், மூணு வாய். துல்லாவுக்கு மூக்கு நுனில வேர்த்துச்சு.

"யாரும்மா காச்சினது?"

நோனியா பேசல. பேசிப் பாக்கவும் பயம்.

ம்... அப்புறம்?

அப்புறம் பானையக் கழுவினா. தன்கிட்ட இருந்த நொய்யக் காச்சினா. பாதியத் துல்லாவோட கிண்ணத்துல ஊத்தி வச்சா, பாதியப் பானையிலயே விட்டு இலை கட்டினா. தூக்கிக்கிட்டு மலை ஏறினா. பூசாரிங்க போயிட்டாங்க. மன்னிச்சுடு தாயேன்னு சொல்ல வாய் வரல. பானையோட வயித்தத் தடவிக் குடுத்துட்டு, உருட்டி விட்டா.

லொடக்... லொடக்... லொடக்... புல்லுக்குள்ள மறைஞ்சுடுச்சு. உடையிற சத்தமே கேக்கல.

அப்போ கீழயிருந்து துல்லா கத்துறா. "அம்மோவ்! நம்ம வாசல்ல பானை வந்து நிக்குதும்மா! உள்ள ஒண்ணுமே இல்ல, யாரோ வழிச்சு நக்கிட்டாங்க!"

"தொடாதடி, இதோ வர்றேன்!"னா நோனியா.

சொன்ன பிறகுதான் கையால வாயப் பொத்திக்கிட்டா.

அன்னைக்கிருந்து ஊருக்கே அந்தப் பானைதான். முதல்ல வந்தது காசியா கிழவி, மடி நிறைய அவரையோட. "உம் பானை வீடு தேடி வருதாமே, எங்க வீட்டுக்கும் கொஞ்சம் உருட்டி விடுடி"ன்னா. யாரு சமைச்சாலும் முதல் பிடி நெருப்புக்குப் போகும். அது எரிஞ்சு அடங்குற வரைக்கும், அந்தத் தாய்க்காக அந்த ஊர்ல யாரும் பேச மாட்டாங்க.

அப்புறம் துல்லா வளந்தா. நோனியா கிழவியானா. ஒரு நாள் அவளும் போயிட்டா. துல்லா அவள அந்தக் கோணப் பானைக்குள்ள வச்சு, லூப்புஸ் பக்கத்துலயே பூமில இறக்கினா. நீ இப்ப போர்வைக்குள்ள இருக்கியே, அதே மாதிரி, கதகதன்னு. வாய் மட்டும் வெளில. அதுல ஒரு கரண்டி கஞ்சி ஊத்திட்டு, துல்லா மூடி போட்டா.

ம்...

பானைய மூடியாச்சு, கதையும் அடங்கியாச்சு. நீ கண்ண மூடு.