நானூறு வரி அனுபவம்

ஜவுளிக்கடையின் இணையதளத்துக்குப் பாதுகாப்பு என்று நானூறு வரி கணினிக் கட்டளை எழுதி வைத்திருந்தார் ஆலோசகர் ஞானசம்பந்தம். எல்லாம் தன் அனுபவம், ஒரு வரியைத் தொட்டாலும் கடையே முழுகிவிடும் என்று பீற்றிக்கொள்வார்.

"நாலு வரி போதும் சார். மிச்சத்தைப் புது சர்வரே தானா பாத்துக்கும்," என்றாள் ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லி.

"முதலாளி முன்னாடி செஞ்சு காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் அவர்.

முதலாளியை வைத்துக்கொண்டே செய்தாள். திரையில், தளம் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுச் சின்னம் வந்தது.

ஞானசம்பந்தம் எகிறினார். "தானா வர்ற பாதுகாப்பு ஓட்டைக் குடை! என்னோட ஒவ்வொரு வரியும் நானே யோசிச்சு எழுதினது!"

"இருநூத்திப் பன்னிரண்டாவது வரியுமா சார்?"

"அதுதான்மா உயிர்நாடி!"

அவள் முதலாளிக்குக் கேட்கும்படி வாசித்தாள்: "'இங்கே உங்கள் தளத்தின் பெயரை எழுதவும்.'"

எங்கிருந்தோ சுட்ட நானூறு வரியும் அன்றைக்கே போயின; பின்னாலேயே அனுபவமும் பையைத் தூக்கிக்கொண்டு போனது.