ரினாத்தின் வெள்ளைப் பக்கம்

"ஒரு தப்புகூடச் செய்யவில்லை. அப்புறம் ஏன் பட்டியலில் என் பெயர் இல்லை?"

கேட்டவன் ரினாத். சோவியத் காலத்தில், வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஒரு டிராக்டர் தொழிற்சாலையின் கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டக்காரன். வயது முப்பத்திரண்டு. அந்த வயதில் ஒருமுறை ஆட்டப் பட்டியலிலிருந்து பெயர் போனால் போனதுதான்.

பயிற்சியாளர் பாவெல் இக்னாத்யெவிச் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பதினோரு ஆண்டுகளாக அவனுக்கு ஆசான். பேச்சில் மட்டும் மகா கஞ்சன்.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, யார் கொடுத்த பந்து எத்தனை முறை வீணானது என்று நோட்டில் கோடு போடுவார். திங்கட்கிழமை அது தொழிற்சாலையின் சுவர்ப் பத்திரிகையில் ஏறிவிடும்.

போன மாதம் ஒரே ஆட்டத்தில் ரினாத்துக்குப் பத்தொன்பது கோடு. வேலை வெட்டி இல்லாத எவனோ அவனைக் கேலிச்சித்திரமாக வேறு வரைந்துவிட்டான். உணவுக்கூட வரிசையே சிரித்தது. இனி ஒரு கோடும் வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தான்.

"மூன்று ஆட்டம், பாவெல் இக்னாத்யெவிச். நோட்டைப் பாருங்கள். என் பக்கம் வெள்ளையாக இருக்கிறது."

"பார்த்தேன்."

"பத்தொன்பது தப்பு செய்தபோது சேர்த்துக்கொண்டீர்கள்."

"சேர்த்தேன்."

"இப்போது?"

கிழவர் நோட்டைச் சட்டைப்பையில் செருகினார். ஒரு பந்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பனி உருகி மைதானம் சேறாகக் கிடந்தது. பந்தை ரினாத்திடம் கொடுத்துவிட்டு, நாற்பது அடி தள்ளி, இடது ஓரத்தில் போய் நின்றார். அவருக்கு ஒரு முழங்கால் சரியாக மடங்காது.

"கொடு."

பந்து நேராக அவர் காலடியில் வந்து நின்றது. அவர் அசையவே வேண்டியிருக்கவில்லை.

திருப்பி அனுப்பினார்.

"கொடு."

மறுபடியும் காலடியில்.

பத்து முறை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"குளிர்கிறது" என்றார் கிழவர்.

ரினாத்துக்குச் சுருக்கென்றது. மூன்று ஆட்டமாக அதே இடது ஓரத்தில் ஆடும் கென்னாதி குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. நல்ல ஓட்டக்காரன் அவன்; ஓடிப் பிடிக்கிற மாதிரி ஒரு பந்துகூட ரினாத் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த பந்தை ரினாத் அவர் காலுக்குக் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி, வெகு தூரத்தில், யாருமே இல்லாத இடத்துக்கு அனுப்பினான். மூன்று ஆட்டமாக அடக்கி வைத்திருந்த உதை அது.

கிழவர் ஓடினார். அறுபது வயதில், மடங்காத காலோடு, தொப்பி பறக்க ஓடினார். பந்து அவரை முந்திப் போய் வேலியில் மோதியது.

வீண். ரினாத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கிழவர் வேலியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். முகம் சிவந்து கிடந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. நோட்டை எடுத்து வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை விரித்து ரினாத்தின் பெயரை எழுதினார்.

அப்பாடா என்றிருந்தது ரினாத்துக்கு. ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது போய்விட்டது. அவனும் சிரித்துவிட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை நிறையக் கோடு விழுமே, பாவெல் இக்னாத்யெவிச்?"

"பென்சிலைச் சீவி வைக்கச் சொல்கிறேன்" என்றார்.