உப்புப்பாறையும் கெம்பி மாடும்

படுத்துக்கடி தேனு. அம்மாவுக்கு இன்னிக்கு உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஒரே கதைதான். "ம்" கொட்டலேன்னா நான் முதல்ல தூங்கிடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ஓடை. மலையடிவாரத்துல சலசலன்னு ஓடும். ஓடைக்கு மேல்பக்கம் மாசாணின்னு ஒருத்தி மாடு மேய்ச்சா. ஒரு மந்தை மாடு. அதுக்கெல்லாம் தலைவி கெம்பி, கழுத்துல மணி கட்டின செவலைப் பசு. கெம்பி போற வழிதான் மத்ததுக்கும் வழி. ம் சொல்லு.

"ம்."

கீழ்ப்பக்கம் மாசாணி தங்கச்சி பொம்மி, கைப்புள்ளையோட இருந்தா. அந்தப் புள்ளைக்கு வயித்தால போய்ப் போய் துணி மாதிரி துவண்டு போச்சு. பொம்மி மேல ஏறி வந்தா.

"அக்கா, உன் மாடெல்லாம் பொழுதுக்கும் ஓடைக்குள்ளயே நிக்குது. கரையை மிதிச்சு சேறாக்கி, சாணியும் போட்டு, அந்தத் தண்ணிதான் எங்களுக்கு வருது. காய்ச்சினாலும் நாத்தம் போகல. என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. அப்புறம் தூரத்துக் கிணத்துலேருந்து தண்ணி சுமந்தா, பாவம்.

அப்போ மாசாணி என்ன பண்ணினா? கம்பை எடுத்து "ஹை! ஹை!"ன்னு விரட்டினா. தொண்டை கட்டிப் போச்சு. இந்தப் பக்கம் ஏறின மாடு அந்தப் பக்கமா எறங்குது.

அப்புறம் முள்ளு வெட்டி அடைச்சா. கையெல்லாம் கீறல். கெம்பி வந்து கொம்பால ஒரு நெம்பு, மடமடன்னு வேலி சாஞ்சுது. ம்?

"ம்... கெட்ட கெம்பி."

பொறு. அப்புறம் விடியக்காலையிலேயே அடுத்த மலைக்கு ஓட்டிட்டுப் போனா. உச்சி வெயில்ல டிங் டிங் டிங்னு மணிச்சத்தம். மந்தையே ஓடைக்குத் திரும்பி ஓடுது, இவ மூச்சிரைக்கப் பின்னாடி ஓடுறா.

போதும்டா சாமின்னு ஓடைக்கரைப் பாறையில பொத்துன்னு உக்காந்துட்டா. கெம்பி வந்து அவ உள்ளங்கையை சரக் சரக்னு நக்குச்சு. ஏன் நக்குச்சு?

"பசியா?"

உப்புடி. தினமும் காலையில மாட்டுக்கு உப்பு வைக்கிற கையாச்சே. எங்க வைப்பா? அவ அம்மா வச்ச அதே பாறையில, அதே ஓடைக்கரையில. உப்பைத் தின்னு, தண்ணியக் குடிச்சு, மறுபடி உப்பை நக்கி, மாடெல்லாம் அங்கேயே கிடந்துச்சு. "அட பாவி, நானே கூப்பிட்டு நானே அடிச்சிருக்கேனே"ன்னு தலையில கை வச்சுக்கிட்டா.

மறுநாள்லேருந்து உப்பு மூட்டையைத் தூக்கிக்கிட்டு, ஓடையை விட்டுத் தள்ளி இருந்த மேட்டு மேல ஏறி, அங்க உப்பு வச்சா. முட்டி வலி உயிர் போச்சு. ஆனாலும் கெம்பி பழைய பாறையைத்தான் தேடி வந்துச்சு. அத்தனை வருசத்து உப்பு கல்லுல ஊறிக் கிடக்குதே! மாசாணி ஓடைத் தண்ணிய ஊத்தி ஊத்தி, பாறையை பரக் பரக்னு தேய்ச்சுக் கழுவினா. கழுவக் கழுவ கெம்பி வந்து வந்து நக்கிப் பாத்துச்சு. ஒருநாள் நக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மேட்டைப் பாக்க நடந்துச்சு. மந்தையும் பின்னாலயே போச்சு. அதுக்கப்புறம் எறங்கும், குடிக்கும், ஏறிடும். அவ்வளவுதான்.

"தண்ணி நல்லாயிடுச்சா?"

உடனேவா? மிதிச்ச கரை ஒரு நாள்ல முளைக்குமா? ஒரு மழைக்காலம் போச்சு. கரையில புல்லு வந்துச்சு, அடிமணல் தெரிஞ்சுது. மாசாணி தினமும் உப்பு மூட்டையை மேட்டுக்குச் சுமந்தா. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. எனக்குத் தெரியும்டி அந்த அலுப்பு.

அப்புறம் ஒரு காலையில பொம்மி வந்தா. இடுப்புல புள்ள, தெம்பா கையை ஆட்டுது. இன்னொரு இடுப்புல குடம். ஓடையில குனிஞ்சு களக் களக்னு ரொப்பினா. ரொப்பிட்டு, அக்கா தோள்ல இருந்த மூட்டையைப் பாத்தா.

"குடு அக்கா. நாளையிலேருந்து ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்."

மாசாணி மூட்டையை எறக்கி வச்சுட்டு, அங்கேயே புல்லுல சாஞ்சு கண்ணை மூடிட்டா.

தேனு? ம் சொல்லு... சரி, சொல்லாதே. மாடும் மேடேறிருச்சு, கதையும் மேடேறிருச்சு. தூங்கும்மா.