சிப்பாய்களுக்குக் கண் வைத்த கதை

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு மூன்று பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு வேறு வரிசையில் நின்றுவிட்டார்கள். மூவரும் இப்போது திருச்சி கருமண்டபத்தில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். மூத்தவர் அல்போன்ஸ். அவரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி கிளாடிஸ்.

அல்போன்ஸுக்கு மேசைப் போர் என்றொரு பைத்தியம். விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. மூளைக்கு வேலை தருகிற ஆட்டமாம். வாங்கிய நாற்பது சிப்பாய்கள், பெயின்ட் அடிப்பதற்காக மூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் காத்து நின்றார்கள். கிளாடிஸ் மூன்று வருஷமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

விளையாட்டு மன்றத்தில் ஒரு விதி. மூன்று நிறமாவது பூசாத படை களத்தில் இறங்கக் கூடாது. ஒரு போட்டி முழுக்க ஆடிவிட்டால், அந்தப் படைக்கு மன்றத்து அலமாரியில் நிரந்தர இடம். அலமாரி என்ற சொல் காதில் விழுந்த நிமிஷம்தான் கிளாடிஸுக்கு மேசைப் போரில் ஆர்வம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை கரூர்க்காரர் ஒருவரோடு போட்டி.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் இந்த மேசையில உக்காந்து சாப்பிடணும்," என்றாள்.

"மேசையில நீ உக்காந்தா சாப்பாட்டை எங்க வைப்பே?" என்று அல்போன்ஸ் உண்மையாகவே கவலைப்பட்டார்.

கைத்துணைக்குக் கீழ்வீட்டு மாசிலாமணியும் எதிர்வீட்டு முபாரக்கும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பண்ணுகிற தப்பை மூன்று பேராகப் பண்ணினால் சீக்கிரம் முடியும் இல்லையா?

கிளாடிஸ் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "முதல்ல வெள்ளை அடிங்க. அப்பதான் மத்த கலர் பிடிக்கும்."

வெளியே வந்து பார்த்தால் ஒரு வாளி சுண்ணாம்பு. மாசிலாமணி கையில் மட்டை. மேசையில் சிப்பாய்களைக் காணோம், நாற்பது பூண்டுப் பல் நின்றது. பக்கத்துச் சுவரும் பாதி வெளுத்திருந்தது. மிச்சச் சுண்ணாம்பை வீணாக்க மனசு வரவில்லையாம்.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஆட்களை வெளியே எடுத்தாள். முகத்தில் ஏறிய சுண்ணாம்பு மட்டும் போகவில்லை. "சரி, அது வெள்ளைன்னு இருக்கட்டும். சட்டைக்குப் பச்சை அடிங்க."

"எதால அடிக்கணும் அண்ணி?" முபாரக் பணிவாகக் கேட்டார்.

"இதோ, இந்தச் சின்ன பிரஷ்ஷால. இனிமே அடின்னு யார் சொன்னாலும், எங்க சொன்னாலும், இந்த பிரஷ்ஷைத்தான் எடுக்கணும். மண்டையில ஏறிச்சா?"

ஏறியது. அதுதான் பின்னால் வினையாயிற்று.

பச்சை அடித்து முடித்தார்கள். "மாடியில காய வையுங்க. காக்கா வரும், பாத்துக்கங்க," என்றாள்.

சாயங்காலம் முப்பத்தொன்பது பேர்தான் இறங்கி வந்தார்கள்.

"காக்கா வந்துச்சா?"

"அஞ்சு தடவை வந்துச்சு அண்ணி," என்றார் மாசிலாமணி. "மூணு பேரும் நல்லா பாத்துக்கிட்டோம்."

"தளபதி எங்க?"

"அதையும் பாத்தோமே. வேப்பமரத்து உச்சியில இருக்காரு."

மூன்றாவது நிறத்துக்குச் சபை கூடியது. பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறமே ஒரு நிறம்தானே என்றார் முபாரக். அல்போன்ஸ் தலையை ஆட்டினார். "அது உடம்பு கலர். உடம்புல கலர் இருக்குன்னு நீ சட்டை போடாம ஆபீஸ் போவியா?" இரண்டு மணி நேரம் இப்படியே போனது.

சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குக் கிளம்பிய கிளாடிஸ் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கறுப்பு எடுத்து, ஒண்ணு விடாம கண்ணு வெச்சிடுங்க."

திரும்பி வந்தபோது மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி. கறுப்பு டப்பாவை ஆளுக்கொரு முறை கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மூவரும் சிப்பாய்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன எடுப்பா நிக்கிறான் பாரு. நமக்கு இப்படி ஒரு தோள் இருக்கா?" அல்போன்ஸ் பெருமூச்சு விட்டார். "முபாரக், உன் பார்வையில பொறாமை பத்தலை. எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கினதை நினைச்சுக்க."

"எதிர்வீட்டுக்காரர் நீங்கதானேண்ணே."

"என்கிட்ட ஏதுடா கார்?"

"அதனாலதாண்ணே வர மாட்டேங்குது."

"என்னங்க பண்றீங்க?" என்றாள் கிளாடிஸ்.

"கண்ணு வைக்கிறோம். இருபத்திரெண்டு முடிஞ்சிருச்சு."

மின்விசிறிக் காற்றில் ஒரு சிப்பாய் சாய்ந்து கழுத்து முறிந்தான். மூவரும் எழுந்து நின்றார்கள். இவ்வளவு பலமாகப் படும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பார்த்தால், மிச்சமிருந்த முப்பத்தெட்டுப் பேர் கன்னத்திலும் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு. திட்டுவதற்கு வாயைத் திறந்த கிளாடிஸ் எண்ணிப் பார்த்தாள். வெள்ளை. பச்சை. கறுப்பு. வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அது முதல் தடவை.

மீன் குழம்பை மூடி வைத்துவிட்டு மூவரோடு அவளும் மன்றத்துக்குப் போனாள். கரூர்க்காரரின் படை செக்கச்செவேல் என்று நின்றது. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு வருஷம் வரைந்ததாம், மீசை உள்பட. நடுவர் அல்போன்ஸின் படையைக் குனிந்து பார்த்தார். "மூணு நிறம் இருக்கு. இறங்கலாம்." கிளாடிஸ் மனசுக்குள் மேசையைத் துடைத்து விரிப்பே போட்டுவிட்டாள்.

கரூர்க்காரர் போன் வந்து வெளியே போனார். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டியபடி, "முதல் முறை உங்களுது. எதிரியை அடிங்க," என்றார்.

"அடிங்கறாரே," என்றார் மாசிலாமணி மெதுவாக.

"யார் சொன்னாலும், எங்க சொன்னாலும்," என்றார் அல்போன்ஸ். முபாரக் சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷையும் பச்சை டப்பாவையும் எடுத்தார்.

நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு கிளாடிஸ் போய்ச் சேருவதற்குள் கரூர்ப் படையின் முன்வரிசை முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக அவர்கள் அதுவரை அடித்ததே இல்லை.

போட்டி ரத்து. அலமாரி இல்லை. கரூர்ப் படையைப் பழையபடி சிவப்பாக்கித் தர வேண்டும் என்பது தீர்ப்பு. ஆக, இரண்டு படையும் வீட்டுக்கு வந்தன.

"மேசை பத்தலை கிளாடிஸ்," என்றார் அல்போன்ஸ். "உன் கட்டில்ல ஓரமா கொஞ்சம் இடம் குடேன்."

கிளாடிஸ் குழம்புச் சட்டியோடு நின்றாள். "மூணு பேரும் என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

மூவரும் கூடிப் பேசினார்கள். பிறகு வரிசையாக நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவள் திரும்பினாள். அவர்களும் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். மறுபடி திரும்பினாள். மறுபடி சுற்றினார்கள்.

"மூணு சுத்து ஆயிருச்சு அண்ணி. திருஷ்டி கழிஞ்ச மாதிரிதான்," என்றார் மாசிலாமணி. "இப்ப துப்புங்க."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சொன்னதைச் சொன்னபடி ஒழுங்காகச் செய்தது கிளாடிஸ் மட்டும்தான்.